டெல்டாவில் தடை, வயோமிங்கில் நிபந்தனை

காவிரி டெல்டாவுக்குத் தமிழ்நாடு 2020-இல் சட்டத்தால் ஒரு கோடு போட்டது: பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். அதற்குள் எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுக்கப் புதிதாக அனுமதி கிடையாது. 2023-இல் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு வந்தபோது முதல்வர் இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் கடிதம் எழுதினார். மூன்றும் நீக்கப்பட்டன. சட்டம் எளிது, விவசாயிக்கும் புரியும்.

அமெரிக்காவின் 1977 நிலக்கரிச் சுரங்கச் சட்டம் வேறு ரகம். மேற்கே, வயோமிங், மொன்டானா போன்ற வறண்ட பகுதிகளில், ஆற்றோர வண்டல் நிலம்தான் குளிர்கால மாட்டுத்தீவனத்துக்கு ஆதாரம். குதிரைமசால் என்ற தீவனப்பயிரின் வேர் நிலத்தடி ஈரத்தையே நேராக உறிஞ்சும். சட்டப்படி, அங்கே நடக்கும் விவசாயத்தைச் சுரங்கம் தடுக்கக் கூடாது. அந்த நிலத்துக்கு வரும் நீரின் அளவையும் தரத்தையும் பெரிதாகக் கெடுக்கக் கூடாது. சுரங்கக் குழி எங்கோ தள்ளி இருந்தாலும் இது பொருந்தும். ஆனால் விவசாயத்துக்கு முக்கியமில்லாத மேய்ச்சல் நிலம், சிறு துண்டு நிலம் என்று விலக்குகள் உண்டு. வக்கீல்களுக்குக் கொண்டாட்டம்தான்!

ஏற்கெனவே ஓடும் வேலைகளை இரண்டு சட்டங்களும் விட்டுவிட்டன.

எனக்கு டெல்டாவின் தடையே பிடிக்கும், ஆனால் நீர் விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் ஒருபடி மேல். மண்டலத்துக்கு வெளியே நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள ஊற்றழுத்தம் (நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை) சுரங்கத் தரையைப் பிளக்காதிருக்க, இரவுபகலாக நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். அதை டெல்டா சட்டம் தொடாது.