பிஎஸ்எல்-3 ஆய்வகத்தில் நெட்வொர்க் அமைக்கும் சேவை: ஒரு மதிப்பீடு

காசநோய்க் கிருமியை வளர்த்து ஆராயும் பிஎஸ்எல்-3 (மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்பு) ஆய்வகத்திலிருந்து ஒரு காகிதத்தை வெளியே கொண்டுவர வேண்டுமானால், அது ஆட்டோகிளேவ் என்னும் கிருமிநீக்கக் கருவியில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியைத் தாண்டித்தான் வர முடியும். ஆகவே அளவீடுகளையும் படங்களையும் வெளியே அனுப்ப நாங்கள் நம்பியிருப்பது நெட்வொர்க் கேபிளைத்தான். சிக்கல் என்னவெனில், உள்ளேயிருக்கும் காற்று வெளியே கசியாதபடி அறையின் அழுத்தம் எப்போதும் குறைத்தே வைக்கப்படுகிறது. கேபிளுக்காகச் சுவரில் போடும் ஒவ்வொரு துளையும் அந்த ஏற்பாட்டைக் கெடுக்கக்கூடியது. எங்களுக்கு இப்பணியைச் செய்துகொடுத்த நிறுவனம் இதை நன்கு உணர்ந்திருந்தது.

துளையைச் சுற்றி சிலிகான் பூசுவதை எல்லோரும் செய்வார்கள். கேபிள் செல்லும் குழாயின் உட்புறம் திறந்தே கிடந்தால் அந்தப் பூச்சால் பயனில்லை என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இவர்கள் குழாயின் உள்ளேயும் அடைத்தார்கள். பிறகு வெளிப்புறத்தில் ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் புகைக் குழலைப் பிடித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் மட்டும் புகை மெல்லச் சுவருக்குள் இழுபட்டது. அதை அன்றே பிரித்து மீண்டும் அடைத்தார்கள். பின்னாளில் புதிதாகத் துளையிட நேராதபடி உபரிக் கேபிள்களையும் இழுத்து வைத்தது நல்ல முன்யோசனை.

கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சுகளும் யூபிஎஸ்ஸும் வெளி நடைவழியில் உள்ளன. பழுது பார்க்க வருபவர் கவச உடை அணிந்து உள்ளே நுழைய வேண்டியதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியால் அறையைத் தூய்மையாக்கும்போது அந்தக் கருவிகளுக்குப் பாதிப்பும் இல்லை.

வைஃபை ஏற்பாடு ஏமாற்றமளித்தது. சுவர்ப் பலகைகளின் இருபுறமும் உலோகத் தகடு என்று தெரிந்திருந்தும் வைஃபை அலையைப் பரப்பும் அக்சஸ் பாயின்ட்டை நடைவழியிலேயே வைத்துவிட்டதால், உள்ளே பார்கோடு ஸ்கேனரின் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது.

அதைவிடப் பெரிய குறை, காற்றோட்டக் கட்டுப்பாட்டையும் ஆய்வுக் கணினிகளையும் முதலில் ஒரே ஸ்விட்சில் இணைக்க முன்மொழிந்தது. விஎல்ஏஎன் பிரித்தால், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் மென்பொருள் அமைப்பால் இரு தனி நெட்வொர்க்குகளாக்கினால், போதும் என்றார்கள். அந்த ஒரு ஸ்விட்ச் நின்றுபோனால் இரண்டும் சேர்ந்தே நிற்கும் என்று நாங்கள் வற்புறுத்திய பிறகே தனி ஸ்விட்ச் வந்தது, அதற்குக் கூடுதல் கட்டணமும் கேட்டார்கள்.

துளை அடைப்புப் பணிக்காக இவர்களை மீண்டும் அழைப்பேன். ஆனால் நெட்வொர்க் வரைபடத்தை எங்கள் தரப்புப் பொறியாளர் சரிபார்த்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவேன். புகைச் சோதனையையும் தனி ஸ்விட்சையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்வேன்.