நாலு நிமிஷ ஓட்டமா, முக்கால் மணி நேர நடையா?

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனையாவது படியில் என்றுதான். “இரண்டாவது மாடித் திருப்பத்துல தம்பி. கைப்பிடியைப் பிடிச்சுட்டு நின்னுடறேன்” என்பார்கள். அந்தத் திருப்பத்தைத் தாண்ட வைப்பதுதான் என் வேலை. நான் பிசியோதெரபிஸ்ட், மாரடைப்பு வந்து தேறியவர்களுக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கும் உடற்பயிற்சி கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன்.

இப்போதெல்லாம் வருகிறவர்கள் ஃபைலோடு சேர்த்து ஒரு வாட்ஸப் வீடியோவையும் கொண்டுவருகிறார்கள். ‘முக்கால் மணி நேர வாக்கிங் வீண், பத்தே நிமிஷம் போதும்’ என்று அதில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். வீடியோவைக் கொண்டுவந்த அதே நோயாளியிடம் பக்கத்து வீட்டுக்காரர், ‘வேகமா எதுவும் செய்யாதீங்க, பொசுக்குன்னு போயிடும்’ என்று சொல்லி அனுப்பியிருப்பார். இருவரில் யார் சரி என்பதற்கு, உண்மையான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுவாகப் பிரித்து மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றை வைத்தே பேசலாம்.

களத்தில் இருப்பவை மூன்று. ஒன்று, சீரான பயிற்சி: உச்ச நாடித்துடிப்பில் சுமார் 60 முதல் 75 சதவீதத்தில், பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகத்தில், முக்கால் மணி நேரம். இரண்டு, இடைவெளிப் பயிற்சி. இதில் பேர்போனது நார்வேக்காரர்களின் ‘நாலு-நாலு’: உச்சத் துடிப்பில் 90–95 சதவீதத்தில் நான்கு நிமிடம், நடுவில் மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு சுற்று. மூன்று, உயிரைக் கொடுத்து மிதிக்கும் சில விநாடிப் பாய்ச்சல்கள்.

அளவுகோல் மூன்றுக்கும் ஒன்றே: வி.ஓ.2 மேக்ஸ். உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்க முடியும் என்ற கணக்கு. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் மாட்டி, ட்ரெட்மில்லில் ஏற்றி, வேகத்தையும் சாய்வையும் படிப்படியாகக் கூட்டுவோம். கடைசி நிமிடத்தில் மாஸ்க்குக்குள் மூச்சு புஸ் புஸ்ஸென்று இரைக்கும், முகம் சிவக்கும், கை தானாகக் கம்பியைத் தேடும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு சாய்த்தாலும் திரையில் ஆக்சிஜன் கோடு ஏறாது. ஊரில் ‘தம்’ என்கிறோமே, அதன் உச்சவரம்பு அங்கேதான்.

முதலில் நோயில்லாதவர்கள். நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்ம் நகரில் யான் ஹெல்கெருட் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 40 ஆண்கள், நான்கு குழுக்கள். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். எல்லோரும் செய்யும் மொத்த வேலையின் அளவு ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். இந்த ஆய்வின் அழகே அதுதான். 70 சதவீதத் துடிப்பில் 45 நிமிடம் ஓடியவர்களுக்கும், 85 சதவீதத்தில் ஏறக்குறைய 24 நிமிடம் ஓடியவர்களுக்கும் வி.ஓ.2 மேக்ஸ் சொல்லும்படி ஏறவில்லை. 15 விநாடி ஓட்டம், 15 விநாடி ஆசுவாசம் என்று மாற்றி மாற்றிச் செய்தவர்களுக்கு 5.5 சதவீதமும், நாலு-நாலு குழுவுக்கு 7.2 சதவீதமும் ஏறியது. காரணம் இதயத்தில் இருக்கிறது. ஒரு துடிப்புக்கு அது வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு, இடைவெளிக் குழுக்களில் மட்டும் கூடியிருந்தது.

ஏன் நான்கு நிமிடம்? வேகத்தைக் கூட்டிய உடனே துடிப்பு உச்சத்துக்குப் போய்விடாது. முதல் நிமிடம் ‘இதுக்கா இவ்வளவு பில்டப்’ என்று தோன்றும். இரண்டாவதில் பேச்சு அறுந்து ஒற்றைச் சொல்லாகும். மூன்றாவதில்தான் துடிப்பு இலக்குக்கு வந்து நிற்கும். கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு நினைப்பு இருக்காது. நான்காவது நிமிடம் அங்கேயே தாக்குப்பிடிக்க வேண்டும். இதயத்துக்குப் பாடம் நடப்பது அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில். ஒரு நிமிடத்தில் நிறுத்திவிட்டு ‘நானும் இன்டர்வெல் செய்கிறேன்’ என்பவர், பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பியவர்.

அதே ஆண்டு, அதே ஊரிலிருந்து உல்ரிக் விஸ்லஃப் குழுவின் ஆய்வும் வந்தது. மாரடைப்புக்குப் பின் இதயம் செயலிழந்துகொண்டிருந்த 27 பேர், சராசரி வயது 75. பன்னிரண்டு வாரம். சீரான பயிற்சிக் குழுவுக்கு உச்ச ஆக்சிஜன் அளவு 14 சதவீதம் ஏறியது. நாலு-நாலு குழுவுக்கு 46 சதவீதம். வீங்கியிருந்த இதய அறை சுருங்கியது, அது ரத்தம் தள்ளும் திறனும் கூடியது. எழுபத்தைந்து வயதில், அதுவும் பலவீனமான இதயத்தோடு! மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. வாட்ஸப் வீடியோக்களின் கொள்ளுத்தாத்தா இந்த ஆய்வுதான்.

ஒரு சின்னக் கணக்கு. அந்த ஆய்வில் நாலு-நாலு ஒரு நாளைக்கு 38 நிமிடம். உடம்பைச் சூடாக்குவதும் ஆற்றுவதும் அதற்குள் அடக்கம். சீரான நடை 47 நிமிடம். மிச்சமானது ஒன்பதே நிமிடம். நேரம் மிச்சம் என்று நாலு-நாலுவை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

பயிற்சிக் குழுக்கள் இரண்டு, ஒப்பீட்டுக் குழு ஒன்று; 27 பேர் என்றால் குழுவுக்கு ஒன்பது பேர். ஒன்பது பேரை வைத்து உலகத்துக்கே சீட்டு எழுத முடியாது என்பது அந்தக் குழுவுக்கும் தெரியும். எனவே ஐரோப்பாவில் ஒன்பது மையங்களில், இதயம் பலவீனமான 261 பேரை வைத்து ‘ஸ்மார்டெக்ஸ்’ என்ற ஆய்வு நடந்தது. முடிவு 2017-இல் வந்தது. இதய அறையின் அளவிலும் சரி, தம்மிலும் சரி, இரண்டு பயிற்சிக்கும் நடுவே வித்தியாசம் இல்லை. 46-க்கு 14 என்றிருந்த இடைவெளி காணாமல் போய்விட்டது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பன்னிரண்டு வாரத்தில் இரண்டு குழுவும் சம்பாதித்ததே கரைந்திருந்தது.

எனக்கு அதைவிடச் சுவையாகப்பட்டது, அந்த ஆய்வில் பதிவான துடிப்புக் கணக்கு. கடுமையாகச் செய்யச் சொன்னவர்களில் 51 சதவீதம் பேர் சொன்ன அளவுக்குக் கீழேயே பயிற்சி செய்திருக்கிறார்கள். மிதமாகச் செய்யச் சொன்னவர்களில் 80 சதவீதம் பேர் சொன்னதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். கண்காணிப்பாளர் பக்கத்தில் நிற்கும்போதே இப்படி.

படித்தபோது சிரித்துவிட்டேன், ஏனென்றால் என் பிரிவில் தினமும் நடப்பது இது. அறுபதைத் தாண்டிய ஒருவர் வருவார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மெதுவான வேகத்தில் போட்டுவிட்டு நான் அடுத்தவருக்குப் பிரஷர் பார்க்கத் திரும்புவேன். பின்னால் ‘பீப், பீப்’ என்று கேட்கும். திரும்பினால் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். “என்ன சார், கூட்டினீங்களா?” “நான் ஏன் தம்பி கூட்டறேன்? மெஷினே கூட்டுச்சு.” அவருக்கு நேர் எதிர், பக்கத்து சைக்கிளில் ஒரு அம்மா. வேகத்தைக் கூட்டச் சொன்னால் முகத்தை மட்டும் கடுமையாக்குவார். கால் அதே தாளத்தில்தான் போகும்.

பெல்ஜியத்தில் விவியான் கொன்ராட்ஸ் குழுவினர் இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 200 பேரிடம் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வும் இதே கதை. இடைவெளிப் பயிற்சியில் 22.7 சதவீத முன்னேற்றம், சீரானதில் 20.3. கடுமையான குழுவுக்கு வைத்த இலக்கு 90–95 சதவீதத் துடிப்பு; நடந்தது 88. மிதமான குழுவுக்கு வைத்தது 70–75; நடந்தது 80. ஆக, காகிதத்தில் இருபது சதவீதத் தூரத்தில் நின்ற இரண்டு எதிரிகள், களத்தில் எட்டு சதவீதத் தூரத்தில் தோளில் கைபோட்டு நின்றிருக்கிறார்கள். முடிவும் ஏறக்குறைய ஒன்றாக வந்ததில் ஆச்சரியம் என்ன? சீரான பயிற்சி ஜெயித்தது என்று இந்த ஆய்வுகளை மேற்கோள் காட்டுபவர்கள், அந்தச் ‘சீரானது’ என்ன வேகத்தில் நடந்தது என்பதைப் பார்ப்பதில்லை. அது பூங்காவில் அரசியல் பேசிக்கொண்டே நடக்கும் நடை அல்ல.

அப்புறம் அந்தப் பத்து நிமிஷம். அது பொய் அல்ல. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா, ஜென்னா கில்லன் குழுவினர் 2016-இல் வெளியிட்டது. உட்கார்ந்தே காலம் தள்ளும் இளைஞர்கள். பன்னிரண்டு வாரம், வாரம் மூன்று நாள். ஒரு குழு 20 விநாடிப் பாய்ச்சல் மூன்று, நடுவே மெதுவாக மிதித்தல், எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். இன்னொரு குழு 45 நிமிடம் சீராக மிதித்தது. இரண்டு குழுவுக்கும் 19 சதவீதம் ஏறியது. உண்மையான நேர மிச்சம் இங்கேதான். ஆனால் பாய்ச்சல் குழுவில் 9 பேர், சீரான குழுவில் 10 பேர். சராசரி வயது 27. இதை அறுபது வயது, ஸ்டென்ட் வைத்த ஆளிடம் கொண்டுபோய் நீட்டுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்த 20 விநாடி என்பது ஆய்வகத்து சைக்கிளில், நாய் துரத்தினால் எப்படி மிதிப்போமோ அப்படி மிதிப்பது. வீட்டுக் கூடத்தில் குதிப்பது அல்ல. பழனிக்குப் பாதயாத்திரை போகத் தயாராகிறவருக்கும் இது போதாது. இதயம் தயாராகும், பாதமும் முட்டியும் மணிக்கணக்கில் நடந்துதான் பழக வேண்டும்.

‘தபாட்டா’ என்று ஜிம்களில் முக்கால் மணி நேர வகுப்பு நடத்துகிறார்கள். ஜப்பானின் இசுமி தபாட்டா 1996-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு தடவைக்கு 20 விநாடி வீதம் ஏழெட்டுச் சுற்று, நடுவே 10 விநாடி ஓய்வு, அவ்வளவுதான்; ஆள் அதற்குள் சுருண்டுவிடுவார். முக்கால் மணி நேரம் ஒருவரால் செய்ய முடிகிறது என்றால் அது தபாட்டா இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. நார்வேயின் மூன்று இதய மறுவாழ்வு மையங்களில் 4,846 நோயாளிகளின் பயிற்சி நேரத்தைக் கூட்டிப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். மிதமான பயிற்சியில் 1,29,456 மணி நேரத்துக்கு ஒரு இதயநிறுத்தம், அவர் இறந்துவிட்டார். கடுமையான பயிற்சியில் 46,364 மணி நேரத்துக்கு இரண்டு, இருவரும் பிழைத்தார்கள். மணிக்கணக்காக வகுத்தால் கடுமையானதில் ஆபத்து கூடுதல்தான். ஆனால் இரண்டுமே மிக அரிது, மொத்தம் மூன்றே சம்பவத்தை வைத்து உறுதியாகவும் சொல்ல முடியாது. மறந்துவிடக் கூடாதது: அவர்கள் எல்லாரும் பரிசோதனை முடித்து, மையத்தில் ஆட்கள் பார்க்கப் பயிற்சி செய்தவர்கள். அதிகாலைக் கடற்கரையில் தனியாக ஓடியவர்கள் அல்ல.

இன்னொன்று நம்மூர் நோயாளிகளுக்கு. இதய நோயாளிகளில் பலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது துடிப்பை அமுக்கிவைக்கும். அப்படிப்பட்டவர், உச்சத் துடிப்புக்கு ‘220-லிருந்து வயதைக் கழி’ என்ற சூத்திரத்தை வைத்து 90 சதவீதத்தைத் தேடினால், உயிரை விட்டாலும் அந்த எண் கைக்கடிகாரத்தில் வராது. ஆய்வுகளில் ஒவ்வொருவரின் உச்சத் துடிப்பையும் அளந்துதான் இலக்கு வைத்தார்கள். அளக்க வழியில்லாதவருக்கு நான் சொல்வது பேச்சுக் கணக்கு: முழு வாக்கியம் வந்தால் மிதம், ஒற்றைச் சொல்தான் வருகிறது என்றால் கடுமை.

இவ்வளவுக்கும் பிறகு ஆளுக்கு ஆள் வேறுபாடு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ‘ஹெரிட்டேஜ்’ குடும்ப ஆய்வில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே மாதிரி 20 வாரம் சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். சராசரியாக நிமிடத்துக்கு 0.4 லிட்டர் அளவுக்கு ஆக்சிஜன் கூடியது. சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல். சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. யாருக்கு ஏறும் என்பது குடும்பவாரியாகவும் ஓடியது. உங்கள் நண்பருக்கு மூன்று மாதத்தில் பலன் தெரிந்து உங்களுக்குத் தெரியாவிட்டால், அவர் சொல்லிக்கொடுத்த முறையை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். நோயில்லாத, நாற்பதுக்குட்பட்ட, ஏற்கெனவே நடக்கிற ஆளாக இருந்தால் வாரம் ஒன்றிரண்டு நாள் நாலு-நாலு; அங்கே அது தெளிவாக முந்துகிறது. இதய நோயாளி என்றால் முதல் சில வாரம் சீரான பயிற்சி, சுறுசுறுப்பான வேகத்தில். பரிசோதனையும் ஆள் துணையும் இருந்தால் பிறகு இடைவெளி. பாய்ச்சலை நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை. கேட்கிற இளைஞர்கள் நான் எழுதித்தரக் காத்திருப்பதும் இல்லை.

நீண்ட காலக் கணக்குக்கு மறுபடியும் ட்ரோண்ட்ஹெய்ம்தான். எழுபதைத் தாண்டிய 1,567 பேர், ஐந்து ஆண்டு, முடிவு 2020-இல். இடைவெளிக் குழுவில் 3 சதவீதம் பேரும், சீரான குழுவில் 5.9 சதவீதம் பேரும், நாட்டின் பொது அறிவுரையை மட்டும் கேட்டுக்கொண்ட ஒப்பீட்டுக் குழுவில் 4.7 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். பார்க்க இடைவெளிப் பயிற்சி பிரமாதமாகத் தெரிகிறது; புள்ளியியல்படி இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் அடித்துச் சொல்ல முடியவில்லை. சிக்கலுக்கு ஒரு காரணம் அந்த ஒப்பீட்டுக் குழுவே. தனிப் பயிற்சி எதுவும் தராமல் விட்டும், அவர்களில் பலர் தாங்களாகவே கடுமையான பயிற்சியில் இறங்கிவிட்டார்கள்.

நார்வேயிலும் மெஷின் தானாகவே கூட்டிக்கொள்கிறது போல.