டாப்பை அணைத்துவிட்டுக் கேட்ட சிங்கிள்

தக்கலைப் பக்கம் மைக்செட் வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் பாக்ஸ் புதிதாக இறக்கினால் ஓடவிட்டுப் பார்க்க நாலைந்து பாட்டு கைவசம் உண்டு. இப்போது அதில் ஜப்பான்காரர்கள் பாட்டு ஒன்றும் சேர்ந்துவிட்டது: வெர்சாய் என்ற மெட்டல் ராக் குழுவின் ‘அசென்டெட் மாஸ்டர்’. 2009 ஜூன் 24-ல் வார்னர் மியூசிக் ஜப்பான் வெளியிட்ட சிங்கிள், அதாவது முழு ஆல்பமாக இல்லாமல் ஒரு பாட்டை முன்வைத்து வந்த சிடி. பெரிய கம்பெனியில் அவர்களுக்கு அதுதான் முதல். ஜப்பானில் வேலை பார்க்கும் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது பழைய சிடியாக வாங்கி வந்தான்.

போனில் அவர்கள் வீடியோவையும் காட்டினான். எல்லோரும் பிரெஞ்சு ராஜா காலத்து உடுப்பில். “அந்த கவுன் போட்ட பிள்ளை கித்தார் நல்லா அடிக்காளே” என்றாள் வீட்டுக்காரி. “மாமி, அது ஹிசாகி. ஆம்பளை” என்றான். அவள் இன்னும் நம்பவில்லை.

டிவிடி பிளேயரை மிக்சரில் செருகிப் போட்டேன். ஹிசாகியும், டெரு என்ற இன்னொருவரும் இரண்டு கித்தாரில் ஒரே மெட்டை ஜோடியாக இழுத்துப் போகும் இடம்தான் பாட்டின் உயிர். சர்ச் கொயரில் சோப்ரானோவும் ஆல்டோவும் பிசகாமல் சேர்ந்தால் வருமே, அந்தச் சுகம். கமிஜோவின் குரல் கனம்; சில இடத்தில் கொஞ்சம் நாடகம். அது எனக்குப் பிடிக்கும்.

குறை பேஸில், அதாவது அடிச் சத்தத்தில். யூகி இரண்டு காலாலும் கிக் டிரம்மை உருட்டித் தள்ளுகிறார், மேலே வயலின் கூட்டம். நடுவில் பேஸ் கித்தார் எங்கே போனதென்றே தெரியவில்லை. மிக்ஸ் செய்தவர் கை வைத்திருக்கலாம் என்று புலம்பினேன். “மாமா, அதை வாசிச்ச ஜாஸ்மின் யூ இந்த சிங்கிள் வந்து ஒன்றரை மாசத்துல செத்துட்டாரு” என்றான் பையன். 2009 ஆகஸ்ட் 9.

அப்புறம் சும்மா இருக்க முடியுமா? கீச்சுச் சத்தம் வரும் டாப்பை அணைத்து, நடுச் சத்தம் வரும் மிட்டைக் குறைத்து, அடிச் சத்தத்துக்கான பேஸ் பின் ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டேன். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. மூன்றாவது தடவையில் பிடிபட்டது: பேஸ் கித்தார் கிக்குக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே ஓடுகிறது, கித்தார் மூச்சு விடும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஏற்றம்.

போன் ஸ்பீக்கரில் கேட்டால் இதெல்லாம் வெறும் இரைச்சல். நல்ல ஹெட்போனாவது வேண்டும். கோயில் கொடைக்குப் போட முடியாது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

லீவு முடிந்து கிளம்பும்போது பையன் சிடியைக் கேட்டான். எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ, தேடி அனுப்புகிறேன் என்றேன். மிக்சர் பெட்டியில்தான் இருக்கிறது.