ஆறடித் தொட்டியில் ஆப்பிரிக்க சிச்லிட்: மபுனாவா, பீக்காக்கா?

கடல்மீன் மாதிரி நிறம் வேண்டும், ஆனால் உப்புத் தண்ணீர்த் தொல்லை வேண்டாம் என்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் சிச்லிட் குடும்ப மீன்களிடம்தான். அங்கே இரண்டு கட்சி. பாறை இடுக்கில் வாழும் மபுனா ஒன்று. மணல்வெளிப் பக்கம் திரியும் பீக்காக்கும் அதன் உறவுக்காரர்களான ஹாப் வகைகளும் இன்னொன்று. உங்களிடம் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி, அதாவது சுமார் 680 லிட்டர், இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். கடையில் கேட்டால் "ரெண்டையும் கலந்து விடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஆகும்.

முதல் சிக்கல் தீனி. மபுனா, பாறைமேல் படரும் பாசியையும் அதற்குள் ஒளிந்திருக்கும் நுண்ணுயிர்களையும் நாள் முழுக்கச் சுரண்டித் தின்கிற மீன். நீளமான குடல், ஸ்பைருலினா பாசி கலந்த பெல்லட் கொடுத்தால் போதும். பீக்காக் மணலுக்கு மேலே அசையாமல் நின்று, தலையின் அடிப்பக்கம் இருக்கும் உணர்குழிகளால் உள்ளே புழு நெளிவதைக் கண்டுபிடித்துக் கொத்தும். வெனஸ்டஸ் மாதிரிப் பெரிய ஹாப் என்றால் சின்ன மீனையே விழுங்கிவிடும். இவற்றுக்குப் புரதம் தேவை. அதே தீனியை மபுனா தினமும் தின்றால் வயிறு உப்பி, சாப்பாட்டை நிறுத்தி, வெள்ளை நூல் போலக் கழியும் நோய் வர வாய்ப்பு அதிகம். அந்த நிலைக்குப் போன மீனைக் காப்பாற்றுவது கஷ்டம்.

அடுத்தது குணம். மபுனா ரவுடி. பாறையில் ஓர் ஓட்டையைப் பிடித்துக்கொண்டால் பக்கத்தில் யாரையும் விடாது. அதனால்தான் இந்தத் தொட்டியில் 25, 30 என்று நெருக்கமாக விடச் சொல்கிறார்கள். அடி ஒருவன்மேலேயே விழாமல் எல்லோருக்கும் பிரிந்துபோகும். ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டும். டெமசோனி என்கிற மபுனா வாங்கினால் ஒரு டஜனுக்குக் குறையாமல் வாங்குங்கள், நாலைந்து மட்டும் விட்டால் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். இத்தனை மீனுக்கு ஃபில்டர், கேனிஸ்டர் வகையோ சம்ப் வகையோ, பெரிதாகவே இருக்க வேண்டும், வாரா வாரம் தண்ணீர் மாற்றச் சோம்பல்படவும் கூடாது. பாறையைக் கண்ணாடித் தரைமேல் வைத்துவிட்டு அப்புறம் மணல் போடுங்கள், இல்லையென்றால் மீன் அடியில் தோண்டிச் சரித்துவிடும். பீக்காக் இவ்வளவு அடாவடி இல்லை, மபுனாவோடு விட்டால் பயந்து மூலையில் நின்று நிறம் மங்கிப்போகும்.

நிறத்தில் மட்டும் பார்த்தால் வளர்ந்த ஆண் பீக்காக்கை எதுவும் மிஞ்சாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெண் மீன்கள் மண் நிறம். வேறு வேறு இனத்துப் பெண்கள்கூட ஒரே மாதிரி இருப்பதால் கலப்பினம் சர்வசாதாரணம். நிறம்தான் முக்கியம் என்றால் ஆண்களாகவே பார்த்து வாங்கி ஆளுக்கொரு இனமாக விட வேண்டும், அதற்குப் பர்ஸ் தாங்க வேண்டும். குட்டியாக வாங்கினால் நிறம் ஏற மாதக்கணக்கில் காத்திருக்கணும். ஒரு விரல் நீளக் குட்டி பளபளவென்று மின்னினால் ஹார்மோன் கொடுத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். மபுனாவில் இந்த வம்பு குறைவு. யெல்லோ லாபில் ஆணும் பெண்ணும் மஞ்சள். கென்யியில் பெண் நீலம், ஆண் மஞ்சள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்: பிஎச் 7.8 முதல் 8.6 வரை, நல்ல கடினத் தண்ணீர். சென்னையில் பல வீட்டு போர் தண்ணீரே இதற்குத் தோதாக இருக்கும், ஆர்ஓ தண்ணீரை ஊற்றி அதிலுள்ள தாதுக்களைப் போக்கடிக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் ஹீட்டருக்கு வேலையில்லை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப்பைக் கூட்டி வையுங்கள்.

நடுவில் சிலர் ஃப்ரான்டோசா பற்றிக் கேட்பார்கள். அது டாங்கனிகா ஏரிக்காரர், ஓரடிக்கு வளரும், நிதானமானவர், தனித் தொட்டிதான் சரி.

என் ஓட்டு மபுனாவுக்கு. முதல் தடவை வைப்பவருக்கு அது கொடுக்கும் ஓட்டமும் சண்டையும் பீக்காக்கில் கிடைக்காது. பொறுமையும் காசும் உள்ளவர் பீக்காக் பக்கம் போகலாம். இரண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால் பீக்காக்கோடு யெல்லோ லாபை மட்டும் சேருங்கள், மபுனாவிலேயே சாது அதுதான். இயற்கையில் பூச்சி தின்பதால் தீனியிலும் பெரிய தகராறு வராது. ரெட் ஜீப்ரா என்கிற மபுனாவை மட்டும் இவற்றோடு விடாதீர்கள், யெல்லோ லாபோடு கலந்து ஆரஞ்சும் மஞ்சளுமாகக் குட்டி போட்டுவிடும், அதை எந்த இனம் என்று சொல்லி யாருக்குக் கொடுப்பது?