செகண்ட்ஹேண்ட் கிளிப்ஷ் ஹெரசி 3 ஸ்பீக்கர்: வேலூர் வீட்டு ஹாலில் எட்டு மாதம்

எனக்கு வேண்டியது ஒன்றுதான். தவிலில் குச்சி விழுந்தால் நெஞ்சில் விழணும். எங்கள் கொசப்பேட்டைத் தெருவில் பறை அடித்துக்கொண்டு போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிருமே, அந்த உதை வீட்டு ஸ்பீக்கரில் ஏன் வருவதே இல்லை என்று பல வருஷம் புலம்பியிருக்கிறேன். அப்போது வைத்திருந்தது ஒல்லியான டவர் ஸ்பீக்கர். குரல் இனிக்கும், ஆனால் பக்கவாத்தியக்காரர்கள் எல்லாம் போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும். பெரிய ஆம்ப் வாங்கிப் பார்த்தேன். சத்தம் கூடியது, போர்வை போகவில்லை.

வாட்ஸைப் பார்த்து ஏமாந்தது என் தப்பு. பார்க்க வேண்டியது ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது அதே பவருக்கு அது எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு. மூன்று டெசிபல் கூட வேண்டுமென்றால் ஆம்ப் இரண்டு மடங்கு பவர் தரணும். என் பழைய டவர் 86 டெசிபல். ஹெரசி 3-க்கு கம்பெனி போட்டிருப்பது 99. இந்த 13 டெசிபல் வித்தியாசம் கணக்குப்படி 20 மடங்கு. அதாவது அந்த டவருக்கு 100 வாட்ஸ் கொடுத்து வாங்கும் சத்தத்தை இது 5 வாட்ஸில் தருகிறது. அதோடு, அதிக பவர் போனால் ஸ்பீக்கர் கோனை ஆட்டும் கம்பிச்சுருள், அதாவது வாய்ஸ் காயில், சூடாகி அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், திடீரென்று வரும் அடி அமுங்கிப்போகும். நாம் 'வேகம் இல்லை' என்று சொல்வதில் பாதி இந்த அமுக்கல்தான்.

இது புரிவதற்கு முன்னால் ஒரு பாடம் படித்தேன். ஆற்காடு பக்கம் ஒருவரிடம் பழைய பெரிய ஊஃபர் (பேஸ் தரும் பகுதி) ஸ்பீக்கர் ஜோடி, பிராண்ட் வேண்டாம். 'ஒரே கை, ஏசி ரூம்ல இருந்தது சார்' என்றார். போட்டுக் காட்டினார், பிரமாதம், காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கிரில்லைக் கழற்றி ஊஃபர் ஓரத்தை விரலால் தொட்டால் ஃபோம் நமத்த அப்பளம் மாதிரி பிய்ந்து கையோடு வருகிறது. நம்ம ஊர் வெயிலுக்கு ஃபோம் ஓரமெல்லாம் தாங்காது. கடையில் காது மட்டும் போதாது, கிரில்லைக் கழற்றச் சொல்லுங்கள், மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஹெரசி கிடைத்தது பெங்களூரில், புது விலையில் பாதிக்கும் கீழே. 1957-ல் இருந்து வரும் மாடல், இரண்டு பெரிய மூலை ஸ்பீக்கர்களுக்கு நடுவில் வைக்கத்தான் முதலில் செய்தார்கள். 12 இன்ச் ஊஃபர், மேலே நடு ஒலிக்கு ஒன்று, உச்ச ஒலிக்கு ஒன்று (ட்விட்டர்) என்று புனல் மாதிரி இரண்டு ஹார்ன். இந்த முறை நான் உஷார். நான்கு விரலையும் விரித்து கோனைச் சமமாக அழுத்தினேன், உள்ளே கரகரவென்று உரசினால் காயில் போச்சு. உரசவில்லை. மல்டிமீட்டரைப் பின் டெர்மினலில் வைத்தேன், ஆனால் அதில் தெரிவது ஊஃபர் மட்டும்தான், ஹார்ன் இரண்டும் மீட்டரின் கரண்டைத் தடுக்கும் கெப்பாசிட்டருக்கு அந்தப் பக்கம். அதனால் மோனோவில் ஒரே பாட்டை இடது, வலது என்று மாற்றி மாற்றி ஓட்டி, ட்விட்டரிடம் காதைக் கொண்டுபோய்க் கேட்டேன். அரை மணி நேரம் ஆனது. விற்றவர் பாவம், காபி கொடுத்தார்.

இறக்கும்போது டாடா ஏஸ் பையன், 'இன்னாண்ணா உள்ள, கல்லா கீது?' என்றான். ஒன்றொன்றும் 20 கிலோ.

30 வாட்ஸ் பழைய ஆம்ப்தான். தனி ஆவர்த்தனம் ஒன்று போட்டேன். மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் விழுவதும் தோல் அடங்குவதும் தனித்தனியாகக் கேட்டது. தவில் போட்டபோது சமையலறையில் இருந்த மனைவி 'வாசல்ல யாரு?' என்று எட்டிப் பார்த்தாள். இதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் எனக்குத் தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. மூடிய பெட்டி, கீழே 58 ஹெர்ட்ஸோடு கம்பெனி கணக்கே நின்றுவிடுகிறது, எனவே அடி வயிற்றைக் கலக்கும் பேஸ் விரும்புகிறவர் சப்ஊஃபர் இல்லாமல் சந்தோஷப்பட மாட்டார். அடுத்து வந்த ஹெரசி 4-ல் பேஸ் கூட பின்னால் போர்ட் (காற்றுத் துளை) வைத்தார்கள், அதைக் கேட்டுப் பார்க்கலாம். நான் சுவரை ஒட்டித் தள்ளி வைத்தேன், கொஞ்சம் தேறியது. அப்புறம் நம்ம வீட்டு மொசைக் தரை, சிமெண்ட் சுவர்: ஹார்ன் சத்தம் மோதித் திரும்பி முதல் வாரம் காது குத்தியது. தரையில் ஜமக்காளம், எதிர்ச் சுவரில் பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நிறுத்தி மேலே புடவை போர்த்தியதும் சரியானது. அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் தினமும் பேச்சு.

மோசமாகப் பதிவான பழைய பாட்டுகளை இது மன்னிக்காது. மென்மையாகக் கேட்க வேண்டும் என்பவருக்கு என் டவரே போதும், அதை விற்கத்தான் போகிறேன்.

ஆற்காடு ஜோடி மட்டும் இன்னும் மாடிப்படிக்குக் கீழேயே கிடக்கிறது. ஓரம் ஒட்ட ஃபோம் வாங்கி வைத்து நான்கு மாதம் ஆகிறது, ஒரு ஞாயிறும் அமையவில்லை.