16 மணி நேரம் நெட் இல்லாமல்: காசு கட்டலாமா, கையோடு கொண்டு போகலாமா?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. தோஹா, துபாய், லண்டன், ஃபிராங்க்ஃபர்ட், சிங்கப்பூர் என்று எங்காவது இறங்கி மாறித்தான் போக வேண்டும். வளைகுடா வழியாகப் போனால் முதல் கட்டம் நாலைந்து மணி நேரம். சாப்பாடு வந்து, தட்டை எடுத்துப் போவதற்குள் பாதி முடிந்துவிடும். அடுத்ததுதான் ஆளைப் படுத்தும். தோஹாவிலிருந்து டல்லாஸ், துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ, இரண்டுமே 16 மணி நேரத்தை ஒட்டி வரும். அத்தனை நேரம் நெட் இல்லாமல் எப்படி இருப்பது என்பதுதான் இப்போது பலருக்கு ஜன்னல் சீட் கிடைக்குமா என்பதை விடப் பெரிய கவலை.

வழிகள் நான்கு. காசு கட்டி வைஃபை வாங்கலாம். தங்கள் பயணச் சலுகைத் திட்டத்தில் சேர்ந்த உறுப்பினர்களுக்குப் பல விமான நிறுவனங்கள் இலவசமாகத் தரும் 'செய்தி மட்டும்' வசதியோடு (வாட்ஸ்அப் மாதிரி மெசேஜ் மட்டும் போகும்) நிறுத்திக்கொள்ளலாம். எல்லாவற்றையும் வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொண்டு போகலாம். எதற்கும் மெனக்கெடாமல் முன்சீட்டின் முதுகில் இருக்கும் திரையை நம்பி ஏறலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசு கட்டி வாங்கும் பழைய ரக வைஃபைதான் இந்த நான்கில் மோசமான பேரம். இலவசமாக, வேகமாகக் கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் 'நெட் கிடையாது' என்றே வைத்துக்கொண்டு கிளம்புவது நிம்மதி.

காசு கட்டும் வைஃபை

நடுவானில் நெட் என்பது புதுச் சரக்கு இல்லை. 2004இலேயே போயிங் நிறுவனம் 'கனெக்‌ஷன்' என்ற பெயரில் இதைத் தொடங்கியது. லுஃப்தான்சாவின் மியூனிக் – லாஸ் ஏஞ்சலிஸ் விமானத்தில்தான் முதலில் வந்தது. கட்டுப்படியாகாமல் 2006இல் கடையைக் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு நிறுவனங்கள் வந்தன, விலை இறங்கியது. ஆனால் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருந்தது: தூரம்.

பழைய ரக வைஃபை நம்பியிருக்கும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. நீங்கள் ஒரு லிங்க்கைத் தட்டினால் அந்தக் கேள்வி விமானத்திலிருந்து அங்கே ஏறி, தரைநிலையத்துக்கு இறங்கி, பதில் மறுபடி ஏறி, மறுபடி விமானத்துக்கு இறங்க வேண்டும். ஒளி வேகத்தில் போனாலும் இதற்கே கிட்டத்தட்ட அரை விநாடி ஆகிவிடும். அரை விநாடிதானே என்று தோன்றும். ஆனால் இன்றைய ஒரு சாதாரணச் செய்திப் பக்கம் திறப்பதற்குள் இப்படிப் பலமுறை போய்வர வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு 300க்கு மேற்பட்ட பயணிகளுக்கு ஒரே குழாய். ஆளுக்கொரு குடம் வைத்துக்கொண்டு நிற்கும் தெருக்குழாய்தான்.

இன்னொன்று, இந்தச் செயற்கைக்கோள்கள் நிற்பது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. விமானம் வடக்கே போகப் போக அவை அடிவானத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டே வரும். ஆர்க்டிக் பக்கம் போனால் பார்வையிலிருந்தே மறைந்துவிடும். வளைகுடாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ அமெரிக்காவின் மேற்குக் கரைக்குக் குறுக்கு வழி என்பதே அந்தப் பக்கம்தான். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலே பறந்து வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரிப் பாதையில் 'முழுப் பயணத்துக்கும்' என்று வாங்கிய வைஃபை நடுவில் சில மணி நேரம் காணாமல் போகும். விலை முழுப் பயணத்துக்குத்தான். பல நிறுவனங்களில் அது 20 டாலரைத் தொடும்.

இதையெல்லாம் தெரிந்தும் வாங்கலாம் என்று முடிவெடுத்தால், காசு கட்டுவதிலேயே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. நம் ஊர் கார்டைப் போட்டால் சில சமயம் ஓடிபி கேட்கும். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வரும். 35,000 அடி உயரத்தில், ஃப்ளைட் மோடில், உங்கள் சிம்முக்கு ஏது சிக்னல்? நெட் வாங்க ஓடிபி வேண்டும், ஓடிபி வர சிக்னல் வேண்டும். எனக்கும் இப்படி ஒருமுறை நடந்தது. மூன்று நிமிடக் கெடு முடிந்து திரை முதல் பக்கத்துக்கே திரும்பிப் போனது. பக்கத்துச் சீட்டுக்காரர் அமெரிக்க கார்டு வைத்திருந்தார், ஒரே தட்டில் வாங்கிவிட்டார். அப்புறம் அவரும் ஒரு மணி நேரம் சுற்றும் வட்டத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் கார்டில் பன்னாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முடிந்தால் வீட்டிலிருந்தே விமான நிறுவனத்தின் தளத்தில் வாங்கிவிடுவது நல்லது.

புதிய ரகம் வேறு கதை

ஸ்டார்லிங்க் மாதிரியான செயற்கைக்கோள்கள் 600 கிலோமீட்டருக்கும் குறைவான உயரத்திலேயே சுற்றுகின்றன. தூரம் குறைந்தால் காத்திருப்பும் குறைகிறது, அவற்றில் சில துருவங்களை ஒட்டியே சுற்றுவதால் அந்தப் பக்கமும் கைவிடுவதில்லை. கத்தார் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் தோஹா – லண்டன் போயிங் 777இல் இதைத் தொடங்கி, மற்ற விமானங்களுக்கும் விரிவாக்கியது. எல்லா வகுப்பினருக்கும் இலவசம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வேறு தொழில்நுட்பத்தில்தான் தருகிறது என்றாலும், 2023 ஜூலையிலிருந்து தன் கிரிஸ்ஃபிளையர் சலுகைத் திட்ட உறுப்பினர்களுக்கு எக்கானமியிலும் கட்டணம் இல்லை. உறுப்பினராவதற்கும் காசு கிடையாது. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே பதிவு செய்து எண்ணைக் கையில் வைத்திருப்பது நல்லது.

டிக்கெட் விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். இதற்காகவே பத்தாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வேறு விமானம் பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. அதோடு ஐடியில் வேலை செய்கிறவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளட்டும். "ஃப்ளைட்ல இருந்தேன், மெயில் பார்க்கல" என்ற கடைசிச் சாக்கும் இதோடு போகிறது.

'ஏறிட்டேன்' என்று சொல்ல மட்டும்

நெட் வேண்டும் என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவைப்படுவது நெட் இல்லை, வீட்டுக்கு ஒரு வரி. டல்லாஸ், சிகாகோ விமானங்களில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மாக்களை எப்போதும் பார்க்கலாம். அப்படி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, இதுல வாட்ஸ்அப் வருமா? பையனுக்கு ஏறிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். அந்த விமானத்தில் உறுப்பினர்களுக்குச் செய்தி வசதி இலவசம். நல்லவேளை, பையன் டிக்கெட் போடும்போதே அம்மாவை உறுப்பினராக்கியிருந்தான். இணைத்துக் கொடுத்தேன். ஒரு டிக், இரண்டு டிக், நீல டிக். "சாப்டியாம்மா?" என்று பதில் வந்தது. உடனே சாப்பாட்டுத் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அது மட்டும் போகவே இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்த வசதியின் குணமே அதுதான். எழுத்து போகும், வரும். போட்டோ, வீடியோ, பெரும்பாலும் வாய்ஸ் மெசேஜ்கூட நகராது. பேசவும் முடியாது. முழு வைஃபை இருந்தாலும் பல நிறுவனங்கள் வாய்விட்டுப் பேசுவதை அனுமதிப்பதில்லை, அது வரைக்கும் புண்ணியம். எமிரேட்ஸ், பழைய ரக வைஃபை இருக்கும் விமானங்களில், தன் ஸ்கைவார்ட்ஸ் திட்ட உறுப்பினர்களுக்கு இப்படித்தான் தருகிறது. காசு கட்டும் வைஃபையோடு ஒப்பிட்டால் இதில் ஏமாற்றம் குறைவு. தருவதாகச் சொல்வது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தைத் தந்துவிடுகிறது.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு குழி இருக்கிறது. சில விமானங்களுக்குள் ஒரு குட்டி செல்போன் டவர் உண்டு. ஃப்ளைட் மோடு போட மறந்த போன், ரோமிங்கும் திறந்திருந்தால், சத்தமில்லாமல் அதைப் பிடித்துக்கொள்ளும். விமான ரோமிங் கட்டணம் தரையில் இருக்கும் வெளிநாட்டு ரோமிங்கைவிட எக்கச்சக்கம். ஜியோவும் ஏர்டெல்லும் இதற்கென்றே தனி பேக் விற்கின்றன. 2024இல் ஏர்டெல் 195 ரூபாயிலிருந்து தொடங்கியது, அந்த விலைக்கு 250 எம்பி டேட்டா. 250 எம்பி இன்றைய போனுக்கு எம்மாத்திரம்? பின்னணியில் ஓடும் ஆப்களே குடித்துவிடும். ஓடிபி வர வேண்டிய அவசரக்காரர்களுக்கு வேண்டுமானால் உதவும். மற்றவர்கள் ஃப்ளைட் மோடைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறப்பது நல்லது.

வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போவது

என் ஓட்டு இதற்குத்தான். வேகம் பிரச்சினை இல்லை, துருவம் பிரச்சினை இல்லை, ஓடிபி இல்லை. ஆனால் கிளம்புகிற அன்று விமான நிலைய வைஃபையில் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. முதல் நாள் ராத்திரி வீட்டு வைஃபையில் செய்து முடித்திருக்க வேண்டும். சாதாரணத் தரத்தில் ஒரு படம் பெரும்பாலும் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும்.

டவுன்லோட் செய்ததெல்லாம் ஓடும் என்று நம்பவும் கூடாது. நெட்ஃபிளிக்ஸில் சில படங்களைப் பார்க்கத் தொடங்கினால் 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாட்டு நிலைக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் தலைகாட்ட வேண்டும். அதனால் கிளம்பும் முன் வீட்டு சோபாவிலேயே ஃப்ளைட் மோடு போட்டு, ஒவ்வொரு ஆப்பையும் திறந்து, ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எது மக்கர் பண்ணும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

படத்தை விட முக்கியமானது காகிதம். மகன் வீட்டு முகவரி வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருந்தால் நெட் இல்லாமலும் படிக்கலாம். பிடிஎஃப் ஆகவோ போட்டோவாகவோ வந்திருந்தால், முன்பே தொட்டு இறக்கியிருந்தால்தான் திறக்கும். திரும்பி வரும் டிக்கெட், இன்சூரன்ஸ், தங்கும் முகவரி, மகனின் போன் எண் எல்லாவற்றையும் அச்சடித்துக் கைப்பையில் வைப்பது பழைய பழக்கம்தான். இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போது 3 சதவீத பேட்டரியோடு தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

பேட்டரி என்றதும் இன்னொரு விஷயம். பவர் பேங்க் இருக்கிறதே என்ற தைரியம் இனி உதவாது. 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தீப்பிடித்து எரிந்த பிறகு கெடுபிடி கூடிவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும், எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபரிலிருந்தும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்துவதைத் தடுத்துவிட்டன. கைப்பையில் கொண்டு போகலாம், அதுவும் பொதுவாக 100 வாட் ஹவருக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட் ஹவர், அது தப்பிக்கும். ஆனால் சார்ஜ் ஏற்றுவது சீட்டில் இருக்கும் யுஎஸ்பியில்தான். அது வேலை செய்யாத சீட்டும் வாய்க்கும் என்பதால் கேபிளோடு பிளக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். பல விமானங்களில் சீட்டுக்கு அடியில் பவர் சாக்கெட்டும் உண்டு.

முன்சீட்டுத் திரை

இதற்கு எந்த ஆயத்தமும் தேவையில்லை என்பதே பெரிய பலம். வளைகுடா, சிங்கப்பூர் நிறுவனங்களில் தமிழ்ப் படங்களும் இருக்கும். அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களில் தமிழுக்குப் பெரிய பட்டியலை எதிர்பார்க்க வேண்டாம். மற்றபடி அது அதிர்ஷ்டம்தான். திரை உறைந்துபோகலாம், பின்சீட்டுப் பையன் விளையாட்டு ஆடுகிறேன் என்று உங்கள் பிடரியில் குத்திக்கொண்டே வரலாம். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் நம்பி 16 மணி நேரத்துக்கு ஏற மாட்டேன்.

எதுவுமே பார்க்காமல் திரையில் ஓடும் விமான வரைபடத்தை மட்டும் வெறித்துக்கொண்டு போவது 2024இல் இளைஞர்களிடையே ஒரு மோகமாகப் பரவியது. கால்பந்து வீரர் எர்லிங் ஹாலண்ட் 7 மணி நேரம் போன், தூக்கம், தண்ணீர், சாப்பாடு எதுவும் இல்லாமல் இருந்ததாகப் பெருமையாகப் பதிவு போட்டார். போனை விடுவது அவரவர் இஷ்டம். தண்ணீரை விடுவது வீம்பு. கேபினில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தொடுவதே அபூர்வம். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

யாருக்கு எது என்றால், வேலை நிமித்தமாக நடுவழியில் பதில் சொல்லியே ஆக வேண்டியவர் புதிய ரக இலவச வைஃபை இருக்கும் விமானத்தைத் தேடிப் பிடிக்கட்டும். பழைய ரகத்தில் அலுவலக விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) அடிக்கடி அறுந்துபோகும், அதை நம்பி மீட்டிங் வைக்க வேண்டாம். குழந்தையோடு போகிறவர்களுக்கு டவுன்லோட்தான், பேச்சே இல்லை. தனியாகப் போகும் அப்பா அம்மாவுக்கு உறுப்பினர் கணக்கைத் தொடங்கிச் செய்தி வசதியை ஏற்பாடு செய்து, கையில் அச்சடித்த தாள்களையும் கொடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு நெட் இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். விமான எண் தெரிந்தால் ஃப்ளைட்ரேடார்24 என்ற தளத்தில் போட்டு, எங்கே பறக்கிறது, எப்போது இறங்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். கடலுக்கு மேலே சில இடங்களில் கணித்துத்தான் காட்டும், அதற்காகப் பதற வேண்டியதில்லை. முதல் விமானத்தின் எண்ணோடு மாறி ஏறும் விமானத்தின் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பலரும் விட்டுவிடுவது இரண்டாவதைத்தான்.