ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மண்கிராமம்: பிர்கத்தா, ஹம்ராவா, மிஸ்ஃபாவா?

நவம்பர் பிறந்தால் போதும், ஊரிலிருந்து யாராவது விசிட் விசாவில் ஓமானுக்கு, இங்கே மஸ்கட்டில் வந்து இறங்கிவிடுவார்கள். முதல் வாரம் மத்ரா கடைத்தெரு, பெரிய மசூதி, கடற்கரை என்று ஓடிவிடும். அப்புறம் ஒரு நாள் இரவு சாப்பாட்டில் கேட்பார்கள்: இந்த ஊர்க்காரர்கள் பழைய காலத்தில் எப்படித்தான் வாழ்ந்தார்கள், அந்த மாதிரி ஊர் ஏதும் மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் நிறைய. மஸ்கட்டிலிருந்து நிஸ்வா போகும் 15ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் மூன்று ஊர்கள்: பிர்கத் அல் மௌஸ், அல் ஹம்ரா, மிஸ்ஃபாத் அல் அப்ரியீன். எல்லா டூர்க்காரர்களும் மூன்றையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்கிறார்கள், காட்டவும் செய்கிறார்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிடம். மண்சுவர் ஓரமாக நின்று படம் எடுத்துக்கொள்ள அது போதும், உள்ளே நடந்து பார்க்கப் போதாது. நண்பர்களோடு ஒருமுறை, மனைவி குழந்தையோடு சிலமுறை, போன ஜனவரியில் அப்பா அம்மாவோடு என்று பல தடவை போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு.

முதலில் பிர்கத் அல் மௌஸ். பெயருக்கு 'வாழைக்குளம்' என்று அர்த்தம். (எங்கள் ஆபீஸ் மலையாளி இதைக் கேட்டதும் எர்ணாகுளம் பக்கம் இருக்கும் தன் வாழக்குளத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார், அங்கே வாழையைவிட அன்னாசிதான் பிரபலம் என்பது வேறு விஷயம்.) மூன்றில் இதுதான் கிட்டே, மஸ்கட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், நிஸ்வாவுக்கு முன்னாலேயே வந்துவிடும். கீழே பேரீச்சையும் வாழையும் அடர்ந்த தோப்பு, அதற்கு மேலே மலைச்சரிவில் கைவிடப்பட்ட மண்வீடுகள் படிப்படியாக ஏறி நிற்கும். தோப்புக்குள் ஓடும் ஃபலஜ் அல் கத்மீன், 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஐந்து ஓமானிய ஃபலஜ்களில் ஒன்று. ஃபலஜ் என்றால் மலையடி ஊற்றிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ சரிவை மட்டும் நம்பி, மோட்டார் எதுவும் இல்லாமல் தோட்டத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால். யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பகலில் நிழற்கடிகாரத்தையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்துப் பங்கு பிரித்திருக்கிறார்கள். ஏரிப் பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இங்கே டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது, வழிகாட்டிப் பலகை கூட ஒழுங்காகக் கிடையாது. அதுதான் இதன் அழகும் ஆபத்தும். மேல்வீடுகளுக்குள் நுழைந்தால் காலடியில் இருப்பது தரையா, கீழ்வீட்டின் கூரையா என்று தெரியாது. கூரை போன மண்சுவர் மழையில் கரைந்துகொண்டே இருக்கும். குழந்தையோடு போனபோது பத்து நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டேன், தோப்பிலேயே நின்று அண்ணாந்து பார்ப்பது போதும். இன்னொன்று, பிர்கத்துக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது ஊரைத் தாண்டி ஜபல் அக்தர் மலை ஏறுகிறவர்களுக்கு, அங்கே போலீஸ் செக்போஸ்டே இருக்கிறது. ஊருக்குச் சாதாரண கார் போதும்.

சரி, அல் ஹம்ராவுக்கு வருவோம். மண்வீடு பார்ப்பதுதான் நோக்கம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

மஸ்கட்டிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், நிறுத்தாமல் போனால் இரண்டேகால் மணி நேரம். சுமார் 400 ஆண்டுப் பழமை சொல்லும் ஊர், அப்ரி குலத்தாருடையது. இங்கே நிற்பவை குடிசைகள் அல்ல, இரண்டு மூன்று மாடி வைத்த மண் மாளிகைகள். கல் அஸ்திவாரம், அதன்மேல் வைக்கோல் கலந்து வெயிலில் காயவைத்த சுடாத செங்கல், மேலே மண்பூச்சு. கூரைக்குப் பேரீச்சை மரத்தை உத்திரமாகப் போட்டு, குறுக்கே மட்டை, அதன்மேல் ஓலைப்பாய், அதன்மேல் மண். அப்பா ஒரு வீட்டுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்ப்பா, நம்ம ஊர்ல பனை, இவனுக்கு ஈச்சை, அவ்வளவுதானே வித்தியாசம்" என்றார். சுவரில் கையை வைத்துப் பார்த்து, வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஜில்லென்று இருப்பதற்கு அம்மாவிடம் விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மாட்டுச்சாணி மெழுகிய தாத்தா வீட்டை அவர்களே இடித்துத் தளம் போட்ட கதையை நான் நினைவூட்டவில்லை.

1970க்குப் பிறகு சாலையும் மின்சாரமும் வர வர மக்கள் பக்கத்திலேயே சிமெண்ட் வீடு கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள், பழைய தெருக்கள் பெரும்பாலும் காலி. ஆனால் பெய்த் அல் ஸஃபா என்ற ஒரு வீட்டை மட்டும் அருங்காட்சியகமாக உயிரோடு வைத்திருக்கிறார்கள். சில ரியால் கட்டணம். ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து மெல்லிய ரொட்டி சுடுவார்கள், திரிகையில் மாவு அரைப்பார்கள், 'ஷுவா' விதையிலிருந்து எண்ணெய் எடுத்துக் காட்டுவார்கள் (இந்த மரம் நம் முருங்கைக்குச் சொந்தம்), கடைசியில் காவாவும் (அரபுக் காபி) பேரீச்சம்பழமும் தருவார்கள். பார்வையாளர்களுக்காக நடத்தும் காட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அம்மாவும் அந்தப் பாட்டியும் ஒரு வார்த்தைகூடப் பொதுவாக இல்லாமல் திரிகையின் பிடியை மாற்றி மாற்றிப் பிடித்துச் சிரித்துக்கொண்டார்கள்.

எச்சரிக்கை ஒன்று: போனில் வரும் மேப்பை நம்பிப் பழைய தெருவுக்குள் காரை விடாதீர்கள். முதல் தடவை நான் விட்டேன். இரண்டு மண்சுவர்களுக்கு நடுவே கண்ணாடியை மடக்கிக்கொண்டு நூறு மீட்டர் ரிவர்ஸிலேயே வந்தேன், பெரியவர் ஒருவர் கைகாட்டிக் காப்பாற்றினார். தோப்பு ஓரம் வண்டியைப் போட்டுவிட்டு நடந்து ஏறுங்கள்.

மிஸ்ஃபா அங்கிருந்து மலைமேல் ஏழு கிலோமீட்டர்தான், தார்ச்சாலை, ஏற்றம் செங்குத்து ஆனாலும் சின்ன கார் ஏறிவிடும். கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம், அதனால் கொஞ்சம் குளிர்ச்சி. இணையத்தில் ஓமான் கிராமம் என்று தேடினால் முதலில் வரும் படமே இதுதான். ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2021இல் சிறந்த சுற்றுலா கிராமங்களில் ஒன்றாகவும் தேர்ந்தெடுத்தது. அழகில் குறை சொல்ல முடியாது. பாறைமேல் பாறையாக வீடுகள், நடுவே ஓடும் ஃபலஜ், கீழே படிப்படியாகத் தோட்டம், மாதுளை, எலுமிச்சை. இங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், பயிர் செய்கிறார்கள்.

ஆனால் இதை மண்கிராமம் என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை. பாதிக்கு மேல் கல். பாறையையே அடிச்சுவராக வைத்து, கல் அடுக்கி, மண் சாந்து பூசிய ஊர் இது. மண்ணில் மாடி எழுப்பிய ஹம்ராவின் கட்டடக் கலையைப் பார்க்க நினைத்தவர் நேராக இங்கே வந்தால் ஏமாந்துதான் போவார். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இது வேண்டாம், ஊரே படிக்கட்டு. அம்மாவை மேலே இருக்கும் காபிக்கடையில் உட்காரவைத்துவிட்டு அப்பாவும் நானும் மட்டும் இறங்கினோம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், பலகை வைத்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் நிற்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வேறு ஊர்களும் உண்டு. தனூஃப் பெயரைத் தினமும் தண்ணீர் பாட்டிலில் பார்க்கிறோம், அதே பெயரில் 1950களின் மலைப்போரில் குண்டுவீச்சில் சிதைந்த பழைய ஊர் சாலை ஓரமே கிடக்கிறது, போகிற வழியில் பதினைந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். பஹ்லா கோட்டை பிரம்மாண்டமான சுடாத செங்கல் வேலை, 1987இலேயே உலகப் பாரம்பரியச் சின்னம், ஆனால் அது கோட்டை, கிராம அனுபவம் கிடைக்காது. கார் இல்லாதவர்கள் பேருந்தில் நிஸ்வா இறங்கி, கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாரத் அல் அக்ர் என்ற பழைய மண் குடியிருப்பைச் சுற்றலாம், புதுப்பித்துக் காபிக்கடைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு தினுசில் அதிகமாகவே மெழுகிவிட்டார்கள், இருந்தாலும் டாக்ஸிக்குப் பேரம் பேசுவதைவிட இது மேல்.

இனி கணக்கு. ஹம்ரா போய்வர 400 கிலோமீட்டருக்கு மேல், லிட்டர் கால் ரியாலுக்கும் கொஞ்சம் குறைவு என்பதால் பெட்ரோலுக்கு எட்டு ஒன்பது ரியால் போதும். வழியெல்லாம் கேமரா, 120ஐத் தாண்டாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். மலைமேல் கருமேகம் தெரிந்தால் வாதிக்குள் (காட்டாற்றுப் படுகை) இறங்க வேண்டாம், மழை பெய்த மறுநாள் மண்சுவர் பக்கமும் சாய வேண்டாம்.

வெள்ளிக்கிழமைதான் லீவு என்றால் நேரம் பார்த்துப் போகவேண்டும். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழுக்கு நிஸ்வா ஆட்டுச்சந்தை, ஆட்டைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு ஏலம் விடுவதைப் பார்க்கலாம். எட்டரைக்கு அங்கிருந்து கிளம்பினால் ஒன்பதேகாலுக்கு ஹம்ரா. பதினொன்றரைக்கு மேல் ஜும்மா தொழுகைக்காக எல்லாம் மூடிவிடும், சாப்பாடு கிடைக்காது, எனவே புளிசாதம் கட்டிக்கொண்டு போய்த் தோப்பு நிழலில் முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு மேல் கால் நன்றாக இருப்பவர்கள் மட்டும் மிஸ்ஃபா ஏறலாம். காலை எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்போம் என்கிற குடும்பமா? பேசாமல் பிர்கத்தோடு நின்றுகொள்ளுங்கள், நாலு மணி வெயிலில் அந்தச் சரிவு மண்வீடுகள் காலையைவிட நன்றாகவே இருக்கும்.